ஷூ வாங்கக் காசில்லாமல் வெறுங்காலில் ஓடினாரா அபெபே பிகிலா? ரோம் மாரத்தானில் அன்று நடந்தது என்ன?

ஒலிம்பிக் வந்தால் போதும், அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படம். இரவு நேரம். ஒல்லியான ஓர் ஓட்டக்காரர், நெஞ்சில் 11 என்ற எண், காலில் ஷூ இல்லை. கூடவே நாலு வரி இருக்கும்: ஷூ வாங்கக்கூடக் காசில்லாத ஏழை ஒருவர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கதை. எனக்கே குறைந்தது மூன்று குரூப்பில் வந்திருக்கிறது. படம் நிஜம். தங்கமும் நிஜம். அந்தக் காசில்லாத கதைதான் எங்கேயோ இடிக்கிறது.

படத்தில் இருப்பவர் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா. இடம் ரோம். நாள் 1960 செப்டம்பர் 10.

இன்றைக்கு ஊர் சுற்றவும் ஓடவும் சேர்த்தே ஃபிளைட் டிக்கெட் போடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சீனப் பெருஞ்சுவரில் படி ஏறி இறங்கி ஒரு மாரத்தான், கிரீஸில் மாரத்தான் என்ற ஊரிலிருந்தே ஏதென்ஸ் வரை ஒரு மாரத்தான், ரோமில் கொலோசியம் பக்கத்தில் தொடங்கும் ஒரு மாரத்தான் என்று பட்டியல் நீளம். ரோம் ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் முதலில் விசாரிப்பது தெருக்களைப் பற்றித்தான். பழைய நகரத் தெருக்களில் 'சாம்பியத்ரீனி' எனப்படும் சின்னச் சின்ன எரிமலைக் கற்களைப் பதித்திருப்பார்கள். போட்டோவில் அழகு. நல்ல ஷூ போட்டு ஓடினாலே கணுக்கால் கேள்வி கேட்கும். அந்த மாதிரி ஒரு நகரத்தில் 42.195 கி.மீ. தூரத்தை ஒருவர் வெறுங்காலில் ஓடினார் என்றால், அதற்கு வறுமை மட்டும் காரணமாக இருக்க முடியுமா?

யார் இந்த அபெபே?

பெயரிலிருந்தே தொடங்கலாம். எத்தியோப்பியாவில் குடும்பப் பெயர் கிடையாது. சொந்தப் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் வரும், நம்ம ஊர் இனிஷியலை விரித்து எழுதினால் வருவது போல. ஆக அவர் பெயர் அபெபே. பிகிலா என்பது அப்பா பெயர். உலகப் பத்திரிகைகள் அவரை பிகிலா பிகிலா என்றே எழுதித் தள்ளின. அதாவது, பாதி நேரம் அவருடைய அப்பாவைத்தான் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

1932 ஆகஸ்ட் 7-ல் ஜாட்டோ என்ற சிற்றூரில் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது, 1935 அக்டோபரில், முசோலினியின் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தது. விமானத்திலிருந்து விஷவாயு வீசிய போர் அது. 1936 மே மாதம் தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது, பேரரசர் ஹைலே செலாசி நாட்டைவிட்டு வெளியேறினார். 1941-ல்தான் அவர் திரும்பி வர முடிந்தது. அபெபேயின் சிறு வயது முழுக்க இந்த ஆக்கிரமிப்புக் காலம்தான்.

இளைஞனாக அடிஸ் அபாபாவுக்கு வந்து, பேரரசரின் மெய்க்காவல் படையில் சேர்ந்தார். மாதச் சம்பளம், சீருடை, முகாமில் விளையாட்டுப் பயிற்சி எல்லாம் உள்ள அரசு வேலை. வாட்ஸ்அப் கதை முதலில் அடிவாங்குவது இங்கேதான். ரோமுக்குப் போனது எங்கிருந்தோ ஓடிவந்த அப்பாவிக் கிராமத்தான் இல்லை. பல வருஷமாக முறையாகப் பயிற்சி எடுத்த ராணுவ வீரர்.

பயிற்சி கொடுத்தவர் ஒன்னி நிஸ்கானன். பின்லாந்தில் பிறந்த ஸ்வீடன்காரர், 1940-களிலேயே எத்தியோப்பியாவுக்கு வந்து தங்கிவிட்டவர். அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நம்ம ஊட்டி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு. அந்த உயரத்தில் ஓடிப் பழகிய உடம்பு தரைமட்டத்துக்கு இறங்கினால் எஞ்சின் மாற்றிய மாதிரி ஓடும். நகருக்கு வெளியே உள்ள சுலுல்டா மலைப்பகுதியில்தான் அபெபேயின் ஓட்டம். ரோமுக்குக் கிளம்பும் முன் அடிஸ் அபாபாவில் நடந்த மாரத்தானில் அவர் எடுத்த நேரம் 2 மணி 21 நிமிடம் 23 விநாடி. செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாடோபெக் வைத்திருந்த அன்றைய ஒலிம்பிக் சாதனையைவிட இது குறைவு! அதுவும் அந்த உயரத்தில். ஐரோப்பாவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போ ஷூ?

ஷூ இருந்தது. அபெபேயின் பழைய ஷூ தேய்ந்துபோயிருந்தது. ரோமில் கிடைத்த புதிய ஷூக்கள் காலுக்குச் சரியாக உட்காரவில்லை. 42 கி.மீ. ஓட்டத்தில் சின்னக் கொப்புளம்கூட ஆளை முடித்துவிடும். அபெபே பயிற்சியிலேயே வெறுங்காலில் நெடுந்தூரம் ஓடிப் பழகியவர். பாதங்கள் அதற்குக் காய்த்துப்போயிருந்தன. கடிக்கும் ஷூவா, பழகிய பாதமா என்று கேட்டால் பாதம்தான். இது விளையாட்டு வீரர் ஒருவர் யோசித்து எடுத்த முடிவு. அதை ஏழ்மையின் கணக்கில் எழுதிவிட்டால் நமக்குக் கண் கலங்க வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பாதை

ரோம் ஒலிம்பிக் அமைப்பாளர்கள் வித்தியாசமாக ஒன்று செய்தார்கள். ஒலிம்பிக் மாரத்தான் முதன்முறையாக மைதானத்தில் தொடங்கவும் இல்லை, மைதானத்தில் முடியவும் இல்லை. நகரத்தின் வரலாற்றையே பாதையாக்கிவிட்டார்கள். கேபிடோலின் குன்றின் அடியில் தொடக்கம், கொலோசியம் அருகே உள்ள கான்ஸ்டன்டைன் வளைவில் முடிவு. வெயிலுக்குப் பயந்து மாலை 5.30-க்குத்தான் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். இன்றைய சுற்றுலா மாரத்தான்களின் சாயல் முழுக்க அதில் இருந்தது.

ஆனால் ஒருவருக்குக் காட்சியாகத் தெரிவது இன்னொருவருக்கு வேறு மாதிரி தெரியும். கொலோசியத்தை ஒட்டிப் போகும் அந்த அகலச் சாலை, முசோலினி தன் படை அணிவகுப்புகளுக்காக, இடைஞ்சலாக இருந்த குடியிருப்புகளை இடித்துப் போட்ட சாலை. வழியில் வரும் இ.யூ.ஆர். பகுதி, அவர் 1942-ல் நடத்த நினைத்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டத் தொடங்கியது. அங்கிருந்து வெளிவட்டச் சாலை வழியாகத் திரும்பி, பழைய ஆப்பியா சாலை. கி.மு. 312-ல் போடத் தொடங்கிய ரோமானியச் சாலை. ஸ்பார்ட்டகஸ் கிளர்ச்சி தோற்றபோது ஆயிரக்கணக்கான அடிமைகளைச் சிலுவையில் அறைந்தது இந்தச் சாலை நெடுகத்தான். தெருவிளக்கு இல்லாத அந்தப் பகுதியில் இத்தாலிய ராணுவ வீரர்கள் தீப்பந்தம் பிடித்து வரிசையாக நின்றார்கள். அந்த வெளிச்சத்தில், பெரிய பெரிய கருங்கல் பலகைகள் பாவிய சாலையில், வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார் அபெபே.

கூடவே ஒருவர் ஓடினார். மொராக்கோவின் ராடி பென் அப்தெஸ்ஸலாம். இங்கே ஒரு காமெடி உண்டு. ராடிதான் முக்கியப் போட்டியாளர், அவருக்கு எண் 26 என்று அபெபே மனதில் குறித்து வைத்திருந்தார். ராடியோ 10,000 மீட்டர் போட்டிக்குக் கொடுத்த 185-ஐயே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். 26 எங்கே, 26 எங்கே என்று அபெபே முன்னால் தேடிக்கொண்டிருக்க, அந்த ஆள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார்.

முடிவுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில், போர்ட்டா கபேனா சதுக்கத்தில், உயரமான ஒரு ஒற்றைக்கல் தூண் நின்றது. ஆக்சும் தூண். சுமார் 24 மீட்டர் உயரம், 1,700 வருஷப் பழமை. எத்தியோப்பியாவின் ஆக்சும் நகரிலிருந்து 1937-ல் முசோலினியின் ஆட்கள் துண்டு துண்டாக எடுத்துவந்து, ஆப்பிரிக்கக் காலனிகளுக்கான அமைச்சகத்தின் வாசலில் நட்டது. அந்தக் கட்டடத்தில் பிறகு ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு வந்துவிட்டது. திருப்பிக் கொடுப்பதாக 1947 அமைதி உடன்படிக்கையில் இத்தாலி ஒப்புக்கொண்டிருந்தது. 13 வருஷம் ஆகியும் தூண் அங்கேயேதான் நின்றது.

அந்தத் தூணை நெருங்கும்போதுதான் அபெபே வேகமெடுத்தார். ராடியால் ஒட்டிக்கொள்ள முடியவில்லை. பாதையை முன்கூட்டியே பார்த்து, அந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்று நிஸ்கானனும் அவரும் முடிவுசெய்திருந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. லேசான மேடு, முடிவுக்கோடு கிட்டத்தில், எளிதில் அடையாளம் தெரியும் தூண் என்று பார்த்தால் ஓட்டக் கணக்குப்படியும் அது சரியான இடம். எனக்கென்னவோ, கணக்கு, கோபம் இரண்டும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன என்றே தோன்றுகிறது.

நேரம் 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடி. அதுவரை உலகின் சிறந்த நேரத்தைவிட ஒரு விநாடிக்கும் கொஞ்சம் குறைவு. ராடி 25 விநாடி பின்னால். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் கறுப்பினத்தவர் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அந்த ஒரே ஆண்டில் 17 ஆப்பிரிக்க நாடுகள் சுதந்திரம் பெற்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இன்னொரு எத்தியோப்பியரான அபெபே வாக்ஜிரா ஏழாவதாக வந்தார். தற்செயலாகக் கிடைத்த அதிசயம் என்றால் இரண்டு பேர் வந்திருக்க மாட்டார்கள்.

ரோமுக்குப் பிறகு

ஊரில் வரவேற்பு, பதக்கம், பதவி உயர்வு. மூன்று மாதத்தில் தலைக்கு மேல் கத்தி. 1960 டிசம்பரில் பேரரசர் வெளிநாட்டில் இருந்தபோது ஆட்சியைக் கவிழ்க்க முயன்றது அபெபே இருந்த அதே மெய்க்காவல் படை. முயற்சி தோற்றது. அபெபேயும் கொஞ்ச நாள் பிடித்து வைக்கப்பட்டார். அவருக்குத் தொடர்பில்லை என்று தெரிந்து விட்டுவிட்டார்கள்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஐந்து வாரம் இருக்கும்போது குடல்வால் அறுவை சிகிச்சை. ஓடுவாரா என்பதே சந்தேகம். இம்முறை ஷூ போட்டு ஓடினார், அதற்காகக் காலம் கூடவில்லை: 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடி. மாரத்தானில் ஒலிம்பிக் தங்கத்தை அடுத்தடுத்து வென்ற முதல் ஆள். இரண்டாம் இடக்காரர் வர நான்கு நிமிடத்துக்கும் மேலானது. அந்த இடைவெளியில் அவர் மைதானத்துப் புல்லில் படுத்து, காலைத் தூக்கி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். யூடியூபில் தேடிப் பாருங்கள், செம காட்சி. ஷூ இல்லாததுதான் ரகசியம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே பதில்.

1968 மெக்சிகோவில் கால் வலியோடு தொடங்கி, சுமார் 17 கி.மீ.யில் விலகினார். அந்தப் போட்டியில் வென்றவர் அவருடைய நாட்டுக்காரரும் படைத் தோழருமான மாமோ வோல்டே.

1969 மார்ச் 22 இரவு, அடிஸ் அபாபா அருகே அவர் ஓட்டிவந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் கவிழ்ந்தது. அடுத்த நாள் காலையில்தான் வெளியே எடுத்தார்கள். முதலில் கை, கால் எதுவும் அசையவில்லை. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மாதக்கணக்கில் சிகிச்சை. கைகள் திரும்பி வந்தன. கால்கள் வரவில்லை.

அந்த மருத்துவமனையில் தொடங்கிய சக்கர நாற்காலிப் போட்டிகள்தான் பின்னாளில் பாராலிம்பிக் ஆயின. முதல் பாராலிம்பிக் என்று இன்று கணக்கில் வருவது 1960-ல் ரோமில் நடந்தது, அபெபே தங்கம் வென்று எட்டே நாள் கழித்து, அதே ஊரில். பத்து வருஷம் கழித்து அவரே ஸ்டோக் மாண்டவில் போட்டியில் வில்லும் அம்புமாக உட்கார்ந்திருந்தார். 1971-ல் நார்வே போய், பனியில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிப் பந்தயத்தில் வென்று வந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிறப்பு விருந்தினர். அங்கே மாரத்தான் வென்ற அமெரிக்காவின் ஃபிராங்க் ஷார்ட்டர், பதக்கம் வாங்கிய கையோடு இவரிடம் வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்.

1973 அக்டோபர் 25-ல் மூளையில் ரத்தக்கசிவு. விபத்தின் பின்விளைவு என்றார்கள். வயது 41. நாடே துக்கம் அனுசரித்தது, பேரரசரே இறுதிச் சடங்குக்கு வந்தார்.

ஆக்சும் தூண் ஊர் திரும்ப 2005 ஆனது. மூன்று துண்டுகளாக விமானத்தில் போய், 2008-ல் பழைய இடத்தில் மறுபடி எழுந்தது. 2010-ல், அபெபேயின் ஓட்டத்துக்கு 50 ஆண்டு நிறைவை ஒட்டி நடந்த ரோம் மாரத்தானில் எத்தியோப்பியாவின் சிராஜ் கெனா முன்னணியில் வந்துகொண்டிருந்தார். கொலோசியம் கண்ணில் பட்டதும், கடைசிச் சில நூறு மீட்டர் இருக்கையில், அப்படியே நின்று ஷூவைக் கழற்றினார். வெறுங்காலோடு ஓடி முதலாவதாகக் கோட்டைத் தொட்டார்.