மூன்று சக்கரமும் கார்ல் பென்சும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பேரருவிக்கும் ஐந்தருவிக்குமாக ஓடித் திரியும் ஆட்டோக்களைக் காணாதவர் நம்மில் யாருளர்? நம் சுரண்டைக் கடைத்தெருவிலும் காய்கறி மூட்டைகளைச் சுமந்து, சந்து பொந்தெல்லாம் நுழைந்து வருபவை மூன்று சக்கர வண்டிகளே. முன்னே ஒன்று, பின்னே இரண்டு என்னும் இந்தச் சக்கர அமைப்பே உலகின் முதல் மோட்டார் கார் என்று போற்றப்படும் வண்டியிலும் இருந்தது என்றால் மாணவ நண்பர்கள் சிலர் வியப்படையக்கூடும். அவ்வண்டியைச் செய்தவர் செருமானியரான கார்ல் பென்ஸ். ஒரு சக்கரத்தைக் குறைத்து வெற்றி கண்டவர் அவர். பின்னர் அதே சக்கரத்தை மீண்டும் சேர்ப்பதற்குப் பல ஆண்டுகள் பாடுபட்டவரும் அவரே.

கார்ல் பென்ஸ் 1844 நவம்பர் 25ஆம் நாள், கார்ல்சுரூ நகரை ஒட்டிய மூல்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் புகைவண்டி ஓட்டுநர். மகனுக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே அவர் மறைந்தார். வறுமை வந்து வாயிலில் நின்றபோதும் தாயார் மகனின் படிப்பை நிறுத்தவில்லை. கார்ல்சுரூ பாலிடெக்னிக்கில் பயின்ற பென்ஸ் 1864இல், தம் 19ஆம் வயதில் தேறி வெளியேறினார்.

1871இல் மான்ஹைம் நகரில் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து பட்டறை தொடங்கினார். கூட்டாளி நம்பத் தகுந்தவராக அமையவில்லை. அவருடைய பங்கை வாங்கிக்கொள்ளப் பணம் தந்தவர், பென்சுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெர்தா என்னும் பெண்மணி. திருமணத்திற்கு முன்னரே தம் சீதனத்தைப் பெற்று வந்து அவர் பட்டறையில் போட்டார். சீதனத்தால் அழிந்த குடும்பங்களைக் கண்ட நமக்கு இது புதுமையான செய்தியன்றோ? 1872இல் திருமணம் நடந்தது. கடன் தொல்லை மட்டும் ஓயவில்லை. பலநாள் மறுத்த எஞ்சின் 1879ஆம் ஆண்டின் கடைசி இரவில் ஒருவாறு ஓடத் தொடங்கியது. 1883இல் மிதிவண்டித் தொழிலில் இருந்த இருவர் பங்காளிகளாகச் சேர, புதிய நிறுவனம் உருவாயிற்று.

நான்கு சக்கரக் குதிரை வண்டிகள் எங்கும் ஓடிய அக்காலத்தில் பென்ஸ் மூன்று சக்கரத்தை நாடியது ஏன்? காரணம் திருப்பும் வேலைதான். நம் மாட்டுவண்டிக்கு இத்தொல்லை இல்லை. இரண்டே சக்கரம், திருப்புவது மாடு. நான்கு சக்கர வண்டியில் முன் அச்சு முழுவதும் நடுவில் ஒரு முளையின்மேல் திரும்பும். குதிரை இழுக்கும்வரை சரி. குதிரையை நீக்கிவிட்டு மனிதன் கையால் அதைத் திருப்ப முயன்றால், ஒரு பக்கச் சக்கரம் கல்லில் மோதியதும் கைப்பிடியே பிடுங்கிக்கொண்டு போகும். இரு சக்கரங்களையும் தனித்தனியே, உட்பக்கத்தது கூடுதலாகவும் வெளிப்பக்கத்தது குறைவாகவும் திருப்ப வேண்டும். தமக்கு மனநிறைவு தரும் வகையில் அதைச் செய்யும் வழி பென்சுக்கு அப்போது அகப்படவில்லை. ஒற்றைச் சக்கரமானால் அந்தச் சிக்கலே எழாது!

1886 சனவரி 29இல் அவ்வண்டிக்குக் காப்புரிமை கோரினார். அதன் எண் 37435. அவ்வாண்டு சூலை 3ஆம் நாள் மான்ஹைம் தெருவில் ஊரறிய ஓட்டிக் காட்டினார். ஒரே சிலிண்டர், முக்கால் குதிரைத்திறன், மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகம். பார்த்தவர் பலர், வாங்குவோர்தாம் அரியர்.

மூன்று சக்கரத்தின் அருமை நம் பாட்டிமார் அறிந்ததே. மூன்று கல் கூட்டிய அடுப்பு மேடுபள்ளத் தரையிலும் ஆடாது. விலை குறைவு, எடை குறைவு, குறுகிய இடத்திலும் திரும்பலாம். ஆனால், வேகமாக வளைந்தால் எடை வெளிப்பக்கம் சாயும். அங்கே தாங்குவதற்கு முன்சக்கரம் இல்லாததால் வண்டி கவிழப் பார்க்கும். குதிரை வண்டிகள் தடம் பதித்த அந்நாளைய பாதையில் வேறொரு துன்பமும் இருந்தது. பின்சக்கரங்கள் தடத்தில் செல்ல, முன்சக்கரமோ நடுவேயுள்ள மேட்டிலும் கல்லிலும் ஏறி விழும். மோட்டார் சைக்கிளோடு இணைக்கும் சைடுகாரும் மூன்று சக்கரக் குடும்பம்தான். நம் நாட்டில் அது இடப்பக்கம் இருக்கும். வேகத்தைக் கூட்டினால் வண்டியை இடப்பக்கம் இழுக்கும். விரைந்து இடப்பக்கம் வளைந்தால் சைடுகார் தரையை விட்டு எழும்பும். 'ஷோலே' படத்தில் இரு நண்பர்கள் அதில் பாடிச் சென்றதைக் கண்டு ஆசைப்பட்டோர், ஓட்டிப் பார்த்தால் தோள்வலியை அறிவர்.

விற்பனையின்றிப் பென்ஸ் சோர்ந்திருந்த வேளையில், 1888 ஆகஸ்டில் பெர்தா அம்மையார் கணவரிடம் சொல்லாமலே வண்டியை எடுத்தார். 15 வயது ஆய்கனும் 13 வயது ரிச்சர்டும் உடன் சென்றனர். மான்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. நாம் தென்காசியிலிருந்து திருநெல்வேலி சென்று திரும்பும் தொலைவு. வழியில் எரிபொருள் குறைந்ததும், வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில் கறை நீக்க விற்ற லிக்ராயின் எண்ணெயை வாங்கி ஊற்றினார். எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்தித் திறந்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறையைக் கட்டும் பட்டையைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததற்குத் தோல் தொழிலாளி ஒருவரைக் கொண்டு தோல் அறையச் செய்தார். மேட்டில் வண்டி ஏற மறுத்த இடங்களில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினர். ஊர் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி பறந்தது! ஊரெல்லாம் இதே பேச்சாயிற்று. மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்ற குறையையும் அம்மையாரே எடுத்துரைக்க, பென்ஸ் அதைச் செய்து சேர்த்தார். இதைவிடச் சிறந்த சோதனை ஓட்டம் ஒன்றை எந்தப் பொறியாளர் நடத்தியிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

இரு முன்சக்கரங்களையும் தனித்தனியே திருப்பும் ஸ்டியரிங் அமைப்புக்கு 1893இல் பென்ஸ் காப்புரிமை பெற்றார். அதைப் பொருத்திய நான்கு சக்கர விக்டோரியா வண்டி வெளிவந்தது. அடுத்த ஆண்டு வெலோ என்னும் மலிவான சிறுவண்டி வந்து நன்கு விற்றது. மூன்று சக்கரத்தைப் பென்ஸ் மறந்தார், உலகம் மறக்கவில்லை. நான்கு சக்கரத்துக்கு வசதியில்லாத எளியவருக்கும், பேருந்து நுழையாத தெருவுக்கும் அது இன்றும் உழைக்கிறது. அந்த முதல் வண்டி மூனிச் நகர டாய்ச்சஸ் மியூசியத்தில் காட்சிக்கு உள்ளது.

1929 ஏப்ரல் 4இல், லாடன்பர்க் நகரில், தம் 84ஆம் வயதில் பென்ஸ் மறைந்தார். பெர்தா அம்மையார் மேலும் 15 ஆண்டுகள் வாழ்ந்தார். 1944 மே 3ஆம் நாள், அவருடைய 95ஆம் பிறந்த நாளில், கணவர் பயின்ற கார்ல்சுரூ தொழில்நுட்பக் கல்லூரி அவருக்கு மதிப்புறு செனட்டர் பட்டம் வழங்கியது. இரண்டு நாள் கழித்து அம்மையார் காலமானார்.