கால்டுவெல்

ஆங்கிலம் தோன்றுவதற்கு முன்பே பிரிட்டன் தீவுகளில் கெல்டிக் மொழிகள் வழங்கின. உரோமரும், பின்னர் ஆங்கிலோ சாக்சனியரும் வந்து ஆளத் தொடங்கியபின், அம்மொழிகள் மேற்கிலும் வடக்கிலும் உள்ள மலைகளிலும் கடலோரங்களிலும் ஒதுங்கின. வேல்சு, ஐரிசு ஆகியவை இன்றும் வாழ்கின்றன. கார்னிசு மொழி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கு வீழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டில்தான் ஆர்வலர் அதற்கு மீண்டும் உயிரூட்டினர். மொழி தேய்வதைக் கண்ட அத்தகைய நிலப்பகுதியான அயர்லாந்தில், ஆண்ட்ரிம் மாவட்டத்துக் கிளேடி என்னும் ஊரில், 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் இராபர்ட் கால்டுவெல் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்தினர், வறியவர்.

இளமையில் ஓவியம் பயின்ற கால்டுவெல், பின்னர் சமயப் பணியில் நாட்டங்கொண்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார. அங்கே கிரேக்கப் பேராசிரியர் சாண்ட்ஃபோர்டு மொழிகளை ஒப்பிட்டு விளக்கிய முறை அவரை ஈர்த்தது. அன்று மனத்தில் விழுந்த வித்து முளைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

1838ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் சென்னை வந்து சேர்ந்தார். மூன்றாண்டுகள் தமிழ் கற்றார். 1841இல் திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டபோது கால்நடையாகவே சென்றார். மக்களையும் அவர்தம் பேச்சையும் அறிய அதைவிடச் சிறந்த வழி ஏது? வழியில் நீலகிரிக்கும் ஏறினார். செம்மணல் தேரியும் பனைமரமும் சூழ்ந்த இடையன்குடியே அதன்பின் அவர் ஊராயிற்று. 1844இல் அவர் மணந்த எலிசா, தமிழை நன்கறிந்தவர். அவ்வூர்ப் பெண்களின் கல்விக்கு உழைத்தவர்.

தென்னிந்திய மொழிகள் யாவும் வடமொழியிலிருந்து பிறந்தவை என்பதே அக்காலத்து அறிஞர் பலரின் எண்ணம். எல்லிசு என்னும் அதிகாரி 1816இலேயே இதனை மறுத்திருந்தார். ஆயினும் அவர் கருத்து பரவவில்லை. அக்கருத்தை இலக்கணச் சான்றுகளால் விரிவாக நிறுவியவர் கால்டுவெல். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது.

அவர் கையாண்ட முறையை விளங்கிக்கொள்ள நூலகம் செல்ல வேண்டியதில்லை. பெங்களூரு ஈஜிபுராவின் கடைத்தெருவே போதும். தமிழர் பால் என்பதைக் கன்னடர் ஹாலு என்பர். பல் ஹல்லு ஆகும். பூ ஹூவு ஆகும். தமிழில் பகரம் நிற்கும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம் நிற்பதைக் காணலாம். ஒரு சொல் ஒத்திருந்தால் கடன் எனலாம். மாற்றம் ஒரே ஒழுங்கில் பல சொற்களில் நிகழ்ந்தால் அது உறவு. வேற்றுமை உருபு, மூவிடப்பெயர், எண்ணுப்பெயர் எனக் கடன் வாங்க எளிதல்லாத இடங்களிலேயே கால்டுவெல் இவ்வுறவைத் தேடினார். வேல்சும் ஐரிசும் ஒரு குடும்பம் எனக் காட்டியதும் இத்தகைய ஒப்பீடே.

1875இல் வந்த இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு மொழிகளை அவர் ஒரே குடும்பத்தில் வைத்தார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகியவற்றோடு, எழுத்து வழக்கற்ற தோடாவும் கோத்தாவும் கோண்டும் அவ்வரிசையில் இடம்பெற்றன. அவற்றைத் திருந்தாத மொழிகள் என அவர் பிரித்தது இன்று ஏற்கத்தக்கதன்று. எனினும் நீலகிரியில் மிகச் சிலரே பேசும் மொழிக்கும் தமிழுக்கும் ஒரே தாய்வீடு என்று கூறியது சிறு செயலன்று. தோடாவும் கோத்தாவும் இன்றும் மிகச் சிலர் நாவிலேயே வாழ்கின்றன.

அவர் எழுதிய யாவும் அத்தகையன அல்ல. 1849இல் நெல்லைச் சீமை மக்களுள் ஒரு பிரிவினரைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர்களைப் புண்படுத்தியது, எதிர்ப்பும் எழுந்தது. மொழியை ஆராய்ந்தபோது இருந்த பொறுமை, மக்களை மதிப்பிட்டபோது அவரிடம் இல்லை.

1877இல் ஆயரான அவர், 1891ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள் கொடைக்கானலில் காலமானார். மலையிலிருந்து அவர் உடலை இடையன்குடிக்குக் கொணர்ந்து, அவர் எழுப்பிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்தனர்.