பாரம் தூக்கிய பறவை: மிகயில் மில்லின் வாழ்க்கை

ஏழுமலையின் அடிவாரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடைக்காலத்துக் காட்டுத்தீ புதியதன்று. இரவில் மொட்டை மாடியில் நின்று பார்த்தால், சேஷாசலத்தின் சரிவில் செந்நிற வளையங்கள் ஊர்ந்து செல்வதைக் காணலாம். காய்ந்த போதைப்புல்லும் சருகும் பற்றிக்கொண்டால், செம்மரமும் அதன் நிழலில் வாழும் உயிர்களும் தப்புவது அரிது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் திருமலைக் காட்டில் மூண்ட தீயோ வழக்கமான தீயாக இல்லை. காவலர்கள் பச்சைக் கிளைகளால் அடித்து அணைக்கும் அளவைக் கடந்து அது பரவியது. அப்பொழுதுதான் இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. கம்பி வடத்தில் பெரிய நீர்ப்பையைத் தொங்கவிட்டு, நீர்நிலையில் முகந்து, புகையினூடே சென்று கொட்டின. அத்தகைய பையொன்று ஒருமுறைக்கு ஏறத்தாழ 3,500 லிட்டர் கொள்ளும்.

இது எளிய செயலன்று. வெயிலில் காற்று சூடேறி மெலிகிறது. உயரம் ஏற ஏற இன்னும் மெலிகிறது. மெலிந்த காற்றில் சுழலிக்குப் பிடிப்புக் குறையும். பங்குனி வெயிலில், ஏறத்தாழ மூவாயிரம் அடி உயர மலைமீது, மூன்று டன்னுக்கு மேற்பட்ட நீரைச் சுமந்து அசையாமல் நிற்க வல்ல யந்திரம் வேண்டும். அன்று வந்தது எம்ஐ-17 என்னும் வகை. அதிலுள்ள எம்ஐ என்னும் எழுத்துக்கள் ஒரு மனிதரின் பெயர். அவர்தாம் மிகயில் லியோன்தியேவிச் மில் என்னும் ருஷ்யப் பொறியறிஞர். அவர் மறைந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர் அவருடைய யந்திரத்தின் வழித்தோன்றல் நம் மலைக்கு வந்தது.

மில் 1909-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், சைபீரியாவிலுள்ள இர்குத்ஸ்க் நகரில் பிறந்தார். தந்தையார் ரயில்வே ஊழியர். தாயார் பல் வைத்தியர். பன்னிரண்டு வயதில் அவர் செய்த விமானப் பொம்மை ஒரு போட்டியில் பரிசு பெற்றதாம். தோம்ஸ்க் நகரக் கல்லூரியில் சேர்ந்தவர், விமானக் கல்வி அங்கே இல்லாமையால் தெற்கே நவசெர்காஸ்க் சென்று பயின்று, 1931-இல் பட்டம் பெற்றார். பின்னர் மாஸ்கோவின் மத்திய விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணி ஏற்றார்.

அக்காலத்தில் ஹெலிகாப்டர் என்பது பெரும்பாலும் கனவே. ஆட்டோஜைரோ என்ற ஒரு வகை மட்டும் பறந்துகொண்டிருந்தது. ஸ்பெயின் நாட்டு சியெர்வா என்பவர் கண்ட அந்த ஊர்தியின் மேற்சுழலியை எஞ்சின் சுழற்றுவதில்லை. ஊர்தி முன்னே செல்லும்போது எதிர்க்காற்றே அதைச் சுழற்றும். நம் குழந்தைகள் பனை ஓலையில் செய்து கையிற் பிடித்து ஓடும் காற்றாடிதான் அதன் தத்துவம். ஓட்டம் நின்றால் காற்றாடியும் நிற்கும். ஆகவே அது ஓரிடத்தில் அந்தரத்தில் நிற்க இயலாது. மில் பத்தாண்டுக் காலம் இத்தகைய ஊர்திகளோடு பழகி, சுழலும் இறகு காற்றில் எவ்வாறு வளைகிறது, எவ்வாறு நடுங்குகிறது என்பதைக் கணக்கிட்டுக் கற்றார். 1941-இல் ஜெர்மானியர் படையெடுத்தபோது, எல்னியா போர்முனையில் ஆட்டோஜைரோப் படையணியொன்றின் பொறியாளராகவும் பணிபுரிந்தார். போர்க்காலத்திலேயே ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1945-இல் டாக்டர் பட்டமும் எய்தினார்.

1947 டிசம்பரில் அவர் தலைமையில் ஒரு வடிவமைப்புக் கழகம் உருவாயிற்று. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மூவர் அமரக்கூடிய சிறு ஹெலிகாப்டர் பறந்தது. அதுவே பின்னர் எம்ஐ-1 எனப்பட்டது. அதனைப் பறக்கவிட்டவர் மத்வேய் பைகாலோவ் என்னும் சோதனை விமானி. சில வாரங்களுக்குள், உயரத்தின் கடுங்குளிரில் மசகெண்ணெய் உறைந்து, கட்டுப்பாட்டுக் கருவிகள் இறுகிப்போயின. பைகாலோவ் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார், ஊர்தி நொறுங்கியது. இரண்டாவது ஊர்தி சித்தமாயிற்று. அதையும் அவரே ஓட்டினார். 1949 மார்ச்சு 7-ஆம் நாள், வாற்புறச் சுழலிக்கு விசை கொண்டு செல்லும் தண்டு முறிந்தது. வாற்சுழலி இல்லையேல் உடற்பகுதி பம்பரம்போற் சுழலும். இம்முறை அவர் தப்பவில்லை.

மில்லின் வரலாற்றில் நாம் சற்றே நிற்க வேண்டிய இடம் இது. காகிதத்தில் ஒருவர் வரைந்த கோடு மற்றொருவரின் உயிரைக் கொள்ளை கொண்டது. கழகமே மூடப்பட்டிருக்கலாம், இத்தகைய யந்திரமே வேண்டாம் என்று எண்ணியோரும் இருந்தனர். மில் கைவிடவில்லை. அதே வேளையில், பிழையை விமானியின் தலையில் சுமத்தி ஒதுங்கவும் இல்லை. தண்டினைத் திருத்தினார், குளிருக்கு ஏற்ற எண்ணெயைத் தேடினார், மூன்றாவது ஊர்தியைக் கட்டி மார்க் கல்லாய் என்னும் விமானியிடம் ஒப்படைத்தார். சோதனை நிறைவேறியது. எம்ஐ-1 பின்னர் ஈராயிரத்துக்கும் அதிகமான எண்ணிக்கையில் உற்பத்தியாயிற்று.

கொரியப் போரில் அமெரிக்கர் ஹெலிகாப்டர்களைப் பயன்படுத்தும் செய்தி வந்ததும், 1951-இல் ஸ்டாலின் வடிவமைப்பாளர்களைக் கிரெம்ளினுக்கு அழைத்துப் பெரிய ஊர்திகள் வேண்டுமென்றார். தவணை ஓர் ஆண்டு. பலர் தயங்கினர். பன்னிரண்டு வீரர்களைச் சுமக்கும் ஊர்தியை மில்லும், அதனினும் பெரியதை யாகவ்லெவும் ஏற்றனர். 1952-இல் மில்லின் எம்ஐ-4 பறந்துவிட்டது. ஆயினும் தொடக்கத்தில் அதன் சுழலி இறகுகள் நூறு மணி நேரமே உழைக்கத்தக்கனவாக இருந்தன. அவற்றை நீடிக்கச் செய்யும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. வேகமாக முடிப்பது ஒன்று, நெடிது உழைக்கச் செய்வது வேறு என்பதைப் பொறியியலில் பழகிய நம் அன்பர்கள் நன்கறிவர்.

இந்த எம்ஐ-4 தான் மில்லின் பெயரை முதலில் பாரதத்திற்குக் கொணர்ந்தது. 1960-களின் தொடக்கத்திலிருந்து நம் விமானப்படை அதனை இமயத்தில் பயன்படுத்தியது. 1971 டிசம்பரில், வங்காளதேசப் போரின்போது, மேக்னா ஆற்றுப் பாலத்தைப் பகைவர் தகர்த்துவிட்டனர். நம் படை அகன்ற ஆற்றின் கரையில் தடைப்பட்டு நின்றது. அப்பொழுது ஒரு சில எம்ஐ-4 ஹெலிகாப்டர்கள் இரவும் பகலும் அலைந்து வீரர்களை அக்கரை சேர்த்தன. டாக்கா நோக்கிய வழி திறந்தது. அதைக் காண மில் அப்போது உயிருடன் இல்லை.

இனி, பாரந்தூக்கிகளுக்கு வருவோம். சுமை கூடக் கூடச் சுழலி அகலமாக வேண்டும். அகன்ற சுழலி மெதுவாகச் சுழல வேண்டும், இல்லையேல் இறகின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கித் தத்தளிக்கும். எஞ்சினோ நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்வது. இவ்விரண்டையும் இணைக்கும் பற்சக்கரப் பெட்டிதான் உண்மையான இடர். 1957 ஜூன் 5-ஆம் நாள் பறந்த எம்ஐ-6 ஹெலிகாப்டரில் சுழலியின் விட்டம் 35 மீட்டர். தலா 5,500 குதிரைத் திறனுடைய இரண்டு எஞ்சின்கள். நிமிடத்திற்கு ஏறக்குறைய 120 சுற்றே சுழலும் அச்சுழலிக்கு விசையளித்த பெட்டியின் எடை 3,200 கிலோ. இரண்டு எஞ்சின்களையும் சேர்த்தாற்கூட அவ்வளவு எடை இல்லை! தேரை இழுப்பவர் வலிமை மட்டும் போதாது, வடமும் தாங்க வேண்டும் என்பதே அது.

அவ்வாண்டு அக்டோபரில் எம்ஐ-6 பன்னிரண்டு டன் பாரத்தை 2,400 மீட்டருக்கு மேல் தூக்கிற்று. அதுவரை அமெரிக்கர் தூக்கியதைப்போல் இரு மடங்கு அது. 1961-இல் மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டவே, அமெரிக்க ஹெலிகாப்டர் சங்கம் சிக்கார்ஸ்கி பரிசினை மில்லின் கழகத்துக்கு அளித்தது. இகோர் சிக்கார்ஸ்கியும் கீவ் நகரில் பிறந்து அமெரிக்கா சென்று பெயர் பெற்றவரே. பனிப்போர் உச்சத்திலிருந்த காலத்தில், ஒரு நாட்டார் மற்ற நாட்டாரின் யந்திரத்துக்குப் பரிசளித்தது தொழிலறிவின் பெருமை. எம்ஐ-6 ராணுவத்துக்கு ஏவுகணை சுமந்தது. மில் பிறந்த சைபீரியாவின் சதுப்பு நிலங்களுக்கு எண்ணெய்க் கிணற்றுக் கருவிகளையும் சுமந்தது. நீண்ட கால்களுக்கிடையே வீடுபோன்ற பொருள்களைக் கௌவிச் செல்லும் எம்ஐ-10 1960-இல் பறந்தது. அமெரிக்காவில் சிக்கார்ஸ்கி கழகத்தாரின் வான்பாரந்தூக்கி 1962-இல் வந்தது. அதன் வழிவந்தவை இன்றும் பல நாடுகளில் காட்டுத்தீ அணைக்கின்றன.

தீயணைப்பில் மில்லின் ஊர்தி இறங்கிய கதை துயரமானது. எம்ஐ-6 ஊர்தியில் நீர்த்தொட்டி அமைத்த வகையொன்றை 1967-இல் பிரான்சுக்கு அனுப்பினர். அங்கே தென்பகுதிக் காடுகள் பற்றியெரிந்தன. அதனை ஓட்டியவர் யூரி கார்னாயெவ். சோவியத் நாட்டின் தலைசிறந்த சோதனை விமானிகளுள் ஒருவர். ஆகஸ்டு 6-ஆம் நாள், மார்சேய் நகருக்கருகில், தீயின்மேல் தாழப் பறந்த அவ்வூர்தி மலைச்சரிவில் விழுந்தது. அதிலிருந்தோர் அனைவரும் மாண்டனர். நெருப்பின்மேல் எழும் சூடான காற்று நிலைகொள்ளாது, புகை கண்ணை மறைக்கும், மலையோ அசையாது. 2014-இல் நம் மலைமேல் நீர் கொட்டிய இளைஞர்கள் இந்த ஆபத்தை அறிந்தே சென்றனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1961-இல் தோன்றிய எம்ஐ-8 மில்லின் பிள்ளைகளுள் மிகுந்த ஆயுள் பெற்றது. எம்ஐ-17 அதன் மறுபதிப்பே. இரண்டும் சேர்ந்து பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் உருவாயின. ஆனால் மில்லின் உள்ளம் மேலும் பெரிய பாரத்தையே நாடியது. எம்ஐ-6 ஊர்தியின் சுழலி அமைப்புக்கள் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்து, நான்கு எஞ்சின்கள் பூட்டி, வி-12 என்னும் பேருருவை அவர் வகுத்தார். தொலைவிடங்களுக்குக் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளைக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். 1969 ஆகஸ்டு 6-ஆம் நாள் அது 44,205 கிலோ எடையை 2,255 மீட்டர் உயரத்திற்கு ஏற்றியது. நம் குப்பம் பக்கத்துக் காட்டு யானைகளில் எட்டோ பத்தோ ஒருங்கே ஏறியது போல என்று கொள்ளலாம்! அச்சாதனை இன்றளவும் முறியடிக்கப்படவில்லை. மார்சேய் விபத்து நேர்ந்ததும் அதே தேதி, ஈராண்டு முன்னர்.

1970 ஜனவரி 31-ஆம் நாள், அறுபதாம் வயதில், மில் மாஸ்கோவில் காலமானார். அடுத்த ஆண்டு வி-12 பாரிஸ் கண்காட்சியில் உலகை வியக்க வைத்தது. ஆயினும் அது சுமக்கவேண்டிய பணி மாறிவிட்டமையால் இரண்டோடு நின்றது.

அவருடைய கழகம் மாரத் திஷ்செங்கோ தலைமையில் எம்ஐ-26 ஊர்தியை வகுத்து, 1977-இல் பறக்கவிட்டது. எட்டு இறகுகளும் இருபது டன் பாரத்திறனும் கொண்ட அது 1986-இல் நம் விமானப்படைக்குச் சண்டிகரில் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு செர்னோபிலில், பிளந்து கிடந்த அணு உலையின்மேல் மில்லின் ஹெலிகாப்டர்கள் மணலும் ஈயமும் போரானும் ஏறத்தாழ ஐயாயிரம் டன் கொட்டின. 2013 உத்தராகண்ட் வெள்ளத்திற்குப் பின், கேதார்நாத்துக்குக் கனரக யந்திரங்களைச் சுமந்து சென்று இறங்கியதும் எம்ஐ-26 தான். 2019-இல் அமெரிக்கச் சினூக் சண்டிகருக்கு வந்தது.

2021 டிசம்பர் 8-ஆம் நாள் குன்னூருக்கருகில் மேகத்தினூடே எம்ஐ-17 மலையில் மோதி, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட பதினால்வர் உயிரிழந்தனர். யந்திரக் கோளாறு இல்லை என்றே விசாரணை கூறியது. வி-12 இரண்டில் ஒன்று மாஸ்கோவுக்கருகில் மோனினோ காட்சிசாலையில் திறந்த வெளியில், பனியிலும் மழையிலும் நின்றுகொண்டிருக்கிறது.