தோட்ட மக்களுக்கு நிலம் தேடித் தந்த துன் சம்பந்தன்

திருஞானசம்பந்தப் பெருமானின் திருப்பெயரைத் தாங்கி, 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். தந்தையார் வீரசாமி தமிழகத்திலிருந்து வந்து, உழைப்பால் உயர்ந்து, ரப்பர் தோட்ட உரிமையாளரானவர். கோலகங்சாரில் பள்ளிக் கல்வி பெற்ற சம்பந்தன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, போர் முடிந்தபின் மலாயா திரும்பினார். 1955இல் ம.இ.கா.வின் தேசியத் தலைவரானார். அவ்வாண்டே பொதுத்தேர்தலில் வென்று தொழில் அமைச்சராகவும் பொறுப்பேற்றார்.

அன்றைய தோட்டத் தமிழர் நிலையைப் பாகான் செராய் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இக்கிரியான் மாவட்டத்திற்கு முதலில் கரும்புக்காகவும், பின்னர் ரப்பருக்காகவும் நம் முன்னோர் வந்தனர். குடியிருந்த லயம், பிள்ளைகள் படித்த பள்ளி, கும்பிட்ட கோயில் யாவும் தோட்ட நிர்வாகத்தின் நிலத்திலேயே இருந்தன. வேலை போனால் வீடும் போய்விடும்.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது, மொழித் தேர்வின்றிக் குடியுரிமை கோரும் வாய்ப்பு ஓராண்டுக் காலம் வழங்கப்பட்டது. அதன் அருமை அறியாது விண்ணப்பிக்காமல் விட்டவரும் பலர். 1969க்குப் பின் வேலை அனுமதி முறை வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர் ஆயிரக்கணக்கில் கப்பலேற நேர்ந்தது.

இதனிடையே மற்றோர் இடரும் சூழ்ந்தது. வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு விற்றனர். இத்துண்டாடலால் தலைமுறைகளாகப் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து தெருவில் நின்றன.

நிலம் விற்பனைக்கு வருமாயின், அதை உழைப்பாளியே ஏன் வாங்கலாகாது என்று சிந்தித்தார் சம்பந்தன். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பங்கு ஒன்று 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தலாம். சொற்பக் கூலி பெற்றோருக்கு அது சிறு தொகையன்று. அவரோ தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களைச் சேர்த்தார். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்திற்குச் சொந்தமானது. மேலும் பல தோட்டங்கள் தொடர்ந்து வாங்கப்பட்டன. கூலியாக இருந்தவர் பங்குதாரரானார். எல்லாத் தோட்டங்களையும் காக்க இயலவில்லையெனினும், ஒன்றுபட்ட ஏழையரின் சிறுசேமிப்பு எதனைச் சாதிக்கும் என்பதை நாடு கண்டது.

1973இல் கட்சித் தலைமையிலிருந்து விலகிய அவர், 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இன்று தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் நாள்தோறும் பல்லாயிரவர் நடக்கும் சாலையும், அருகிலுள்ள மோனோரயில் நிலையமும் அவர் பெயரால் வழங்குகின்றன. சுங்கை சிப்புட்டில் அவர் முன்னின்று எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையில் மழலையரின் தமிழ் ஒலிக்கிறது. அச்சாலையில் நடப்போரும், அப்பள்ளியில் பயில்வோரும் அவற்றின் பின்னிருக்கும் வரலாற்றை அறிதல் வேண்டும்.

திருவிழாவிற்குக் கூடும் அன்பர்கள் தத்தம் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துரைப்பாராக. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, நிலப்பட்டா ஆகியவற்றைக் காலத்தே பெற்றுப் பேணுவதும், ஒன்றுபட்டுச் சேமிப்பதும் அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.