விதை தேடிய வாவிலோவ்

வானம் பொய்த்தால் பயிர் வாடும். வாடிய பயிரைப் புழுவும் பூச்சியும் பற்றிக்கொண்டால் உழவர் வீட்டில் உலை ஏறாது. உருசிய நாட்டின் வால்கா ஆற்றுச் சமவெளியில் 1891-ஆம் ஆண்டு மழை தவறியது. கொடும்பஞ்சம் நாட்டைச் சூழ்ந்தது. அப்பொழுது மாஸ்கோ நகரில் நான்கு வயதுச் சிறுவராய் இருந்தவர் நிக்கொலாய் வாவிலோவ்.

இவர் 1887-ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் ஏழைக் குடியில் தோன்றி வணிகத்தால் உயர்ந்தவர். மைந்தரும் வணிகப் பள்ளியிலேதான் பயின்றார். ஆயினும் அவருடைய உள்ளம் பயிர்களையே நாடிற்று. மாஸ்கோவில் இருந்த வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்து, வயல்களையும் தோட்டங்களையும் அழிக்கும் ஓடில்லா நத்தைகளைப் பற்றி ஆராய்ந்து கட்டுரை எழுதினார். பயிரை ஆராய வந்தவர் பயிரின் பகையை முதலில் ஆராய்ந்தது பொருத்தமே.

ஒரே நிலத்தில் அருகருகே நிற்கும் இரு செடிகளுள் ஒன்று நோயுற்று வீழ, மற்றொன்று தளராமல் நிற்பது ஏன்? இந்த வினா அவரை விடவில்லை. பல நூறு கோதுமை வகைகளை அவர் பயிரிட்டுப் பார்த்தபொழுது, பாரசீகக் கோதுமை என்று பெயரிடப்பட்ட ஒன்றைச் சாம்பல் நோய் அணுகவே இல்லை. 1916-ஆம் ஆண்டில் பாரசீகத்திற்குச் சென்ற அவர் அதனை அங்கே தேடினார், கிடைக்கவில்லை. அதன் தாயகம் காக்கசு மலைநாடு என்பது பின்னரே தெளிவாயிற்று. பெயரை நம்பி அலைந்த அலைச்சலும் வீண்போகவில்லை. அப்பயணத்தில் பாமீர் மலைப்பகுதியில் அரியதொரு காட்சியைக் கண்டார். அடிவாரத்துக் கோதுமை வயல்களில் ரை என்னும் தானியம் களையாக முளைத்திருந்தது. மேலே ஏற ஏறக் குளிர் மிகுந்தது, கோதுமை மெலிந்தது, களையாக இருந்த ரையே பயிராகிவிட்டது.

1917-ஆம் ஆண்டில் வால்கா கரையிலுள்ள சரட்டோவ் நகரில் அவர் பேராசிரியர் ஆனார். வறட்சி அடிக்கடி வந்து போகும் நிலம் அது. 1921-ஆம் ஆண்டில் வந்த பெருவறட்சியோடு உள்நாட்டுப் போரின் அழிவும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ 50 இலட்சம் மக்கள் மாண்டனர்.

இங்கே பயிரின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். மண்ணில் நீர் வற்றினால் செடி தன் இலைத் துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் வெளியேறுவது குறைகிறது. ஆனால் உணவு ஆக்குவதற்கு வேண்டிய கரியமில வாயு நுழையும் வழியும் அதுவே. ஆகவே உணவும் குறைகிறது. அவ்வேளையில் பூச்சியும் தாக்கினால், இருக்கும் சிறு சேமிப்பை வேரை ஆழச் செலுத்துவதற்குக் கொடுப்பதா, பூச்சியை விலக்கும் கசப்புப் பொருளை ஆக்குவதற்குக் கொடுப்பதா என்னும் நெருக்கடி செடிக்கு உண்டாகிறது. சிலந்திப்பேன் போன்ற சிற்றுயிர்களோ வறண்ட வெப்பத்திலேதான் பல்கிப் பெருகும். தனித்தனியே வந்த இரு துன்பங்களையும் தாங்கிய செடி, அவை ஒருங்கே வரும்பொழுது வீழ்ந்துவிடுதல் உண்டு. மாறாக, வறட்சியால் தடித்த இலைத்தோல் சில பூச்சிகளைத் தடுத்துவிடுவதும் உண்டு. இவ்விரு துன்பங்களையும் செடிக்குள் அறிவிக்கும் சுரப்புகள் வேறு வேறு என்பதையும், அவை ஒன்றற்கொன்று சிலபொழுது துணையாகவும் சிலபொழுது தடையாகவும் அமைகின்றன என்பதையும் பிற்கால ஆராய்ச்சி காட்டியது.

இந்நுட்பங்கள் யாவும் வாவிலோவ் காலத்தில் வெளிப்படவில்லை. எனினும், எல்லாப் பகையையும் வெல்லும் ஆற்றல் ஒரே வகைப் பயிரில் அமைவதில்லை என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஒன்று வறட்சியைத் தாங்கும். மற்றொன்று நோயை எதிர்க்கும். அவற்றைக் கலந்து புதுவகை காண வேண்டுமாயின் எல்லா வகை விதைகளும் கையில் இருத்தல் வேண்டும். ஆதலின் அவர் உலகெங்கும் விதை தேடிப் புறப்பட்டார். 1924-ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானத்தின் கணவாய்களைக் கடந்தார். பின்னர் அபிசீனியா, சீனம், தென் அமெரிக்கா எனப் பல நாடுகளுக்கும் சென்றார். பயிர்கள் முதன்முதல் தோன்றிய இடங்களிலே அவற்றின் வகைகளும் மிகுந்திருக்கும் என்று கருதி, 1926-ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். லெனின்கிராடு நகரில் அவர் நடத்திய நிலையத்தில் ஏறத்தாழ 2,50,000 விதை மாதிரிகள் சேர்ந்தன.

புதிய பயிர்வகையை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆட்சியாளருக்கோ அத்துணைப் பொறுமை இல்லை. விதையைக் குளிரூட்டிப் பயிரின் இயல்பையே விரைவில் மாற்றிவிடலாம் என்ற லைசென்கோவின் பக்கம் ஸ்டாலின் சாய்ந்தார். வாவிலோவ் தம் கொள்கையினின்று பிறழவில்லை. 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், உக்ரேனில் செடிகளைத் தேடிக்கொண்டிருந்தபொழுதே அவர் சிறைப்பிடிக்கப்பட்டார். ஒற்றர் என்றும் வேளாண்மையைக் கெடுத்தவர் என்றும் பொய்க்குற்றம் சாட்டி, மறு ஆண்டில் மரண தண்டனை விதித்தனர். பின்பு அதனை 20 ஆண்டுச் சிறையாக மாற்றினர்.

அதற்குள் செருமானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டது. நகரமெங்கும் பசி தலைவிரித்தாடியது. விதை நிலையத்தில் நெல்லும் கோதுமையும் நிலக்கடலையும் சிப்பம் சிப்பமாக இருந்தன. அவற்றைக் காத்த அறிஞர்கள் ஒரு மணியையும் வாயில் இடவில்லை. நெல் மாதிரிகளைப் பேணிய இவானோவ் பசியால் இறந்தார். நிலக்கடலை விதைகளுக்குப் பொறுப்பேற்றிருந்த சூக்கின் தம் மேசையிலேயே உயிர் நீத்தார். இன்னும் பலர் அவ்வாறே மடிந்தனர்.

அந்நாளில் அவர்களுடைய தலைவர் சரட்டோவ் சிறையில் கிடந்தார். பேராசிரியராய்ப் புகழோடு வாழ்ந்த அதே நகரில், 1943-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள், உணவின்றி மெலிந்து, தம் ஐம்பத்தைந்தாம் வயதில் அவர் உயிர் துறந்தார். 1955-ஆம் ஆண்டில் அவர் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டது. அவர் விதை சேர்த்த நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.