கெயர் ஹார்டி

பெரியோர் வரலாறுகளுள் அரசரும் படைத்தலைவரும் பெற்ற வெற்றிகளைக் கூறுவன பல. நிலத்தின் அடியில் இருளில் உழைத்து, அவ்வுழைப்பாளர்க்காகவே நாவும் எழுத்தும் ஈந்து, இறுதியில் தம்மவராலேயே இகழப்பட்டு இறந்த ஒருவர் வரலாற்றைக் கூறுவன சில. அச்சிலவற்றுள் ஒன்றனை யாம் ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். அவரே ஆங்கில நாட்டுத் தொழிற் கட்சியின் தந்தையெனப் போற்றப்படும் ஜேம்ஸ் கெயர் ஹார்டி.

ஹார்டி 1856-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி ஸ்காத்லாந்தில் லானர்க்ஷயர்ப் பகுதியில் ஓர் எளிய குடிலிற் பிறந்தார். அன்னையார் மேரி கெயர் பிறர் இல்லத்தில் ஏவல் செய்து வாழ்ந்தவர். பின்னர் அவரை மணந்த டேவிட் ஹார்டி என்பார் கப்பல் தச்சர். வேலை கிடைத்த நாளில் உணவும், கிடையாத நாளிற் பசியுமாக அக்குடும்பம் காலங் கழித்தது. ஆதலின், பள்ளி செல்லவேண்டிய இளம் பருவத்திலேயே நம் ஹார்டி கிளாஸ்கோ நகரிற் கூலிக்கு ஓடித் திரியும் ஏவற் சிறுவராயினார். எழுத்தறிவு அவர்க்கு அன்னை அளித்த செல்வம்.

பத்து வயது நிறைந்தும் நிறையாத அந்நாளில் அவர் ஒரு ரொட்டிக் கடையில் வாரம் 3 ஷில்லிங் 6 பென்ஸ் கூலிக்கு உழைத்தார். தந்தைக்கு வேலையில்லை, தம்பி நோயுற்றுக் கிடந்தான், அன்னை பேறுகால வேதனையை எதிர்நோக்கியிருந்தார். இரவெல்லாம் தம்பியைக் காத்திருந்த சிறுவர் இரண்டு நாள் காலையிற் சற்றே பிந்தி வந்தார். முதலாளி பக்திமான் எனப் பெயர் பெற்றவர். குடும்பத்துடன் வழிபாட்டில் இருந்தார். வழிபாடு முடியுமளவும் சிறுவர் வெளியே நிறுத்தப்பட்டார். பின்னர் உள்ளே அழைக்கப்பட்டு, பிந்தியதற்காக வேலையையும் இழந்தார்; வாரக் கூலியையும் இழந்தார். உணவு நிறைந்த அம்மேசையும், மழையில் நனைந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய அந்நாளும் அவர் நெஞ்சை விட்டு என்றும் அகலவில்லை. பிற்கால ஹார்டியை அறிய விரும்புவார் அவ்வொரு நாளை அறிந்தாற் போதும்.

அதன்பின் அவர் நிலக்கரிச் சுரங்கம் புகுந்தார். காற்றுப் புகும் வழியிலமைந்த கதவைத் திறந்தும் மூடியும் இருளில் தனித்து அமர்ந்திருத்தலே அச்சிறுவரின் தொழில். ஆங்கேயே கல்வியும் தொடர்ந்தது. புகையாற் கரியேறிய கல்லின்மேல் விளக்குத் திரியைத் தூண்டும் ஊசியால் எழுதிச் சுருக்கெழுத்துப் பயின்றார். இரவுப் பள்ளியிற் படித்தார். இளமையிலேயே மதுவிலக்கு இயக்கத்திற் சேர்ந்தார். இருபது வயது கடந்தபின் கிறிஸ்தவ சமயத்தைத் தாமாகவே தழுவினார். அவர்தம் பெற்றோர் சமயப் பற்றில்லாதவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. மலைப்பிரசங்கத்தின் போதனைக்கும் உழைப்பாளர் உரிமைக்கும் இடையே அவர் முரண்பாடு கண்டதில்லை.

தோழர்க்காகப் பேசத் தொடங்கியதும் சுரங்கத் தலைவர்கள் அவரையும் அவர்தம் தம்பியரையும் வேலையினின்று நீக்கினர். வேறெந்தச் சுரங்கமும் அவரை ஏற்கவில்லை. அவ்வாறு கதவடைத்தமை அவரைத் தொழிலாளர் இயக்கத்துக்கே முழுதும் உரியவராக்கிற்று. 1886-ல் அயர்ஷயர்ச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரானார். மறு ஆண்டிற் சுரங்கத் தொழிலாளர்க்கெனப் பத்திரிகை ஒன்று தொடங்கினார். அக்காலத்தில் லித்துவேனியாவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளரை அவர் கடிந்து பேசியதும் உண்டு. குறையை மறைத்துப் புகழ் பாடுதல் வரலாறு ஆகாதாதலின் அதனையும் கூறினோம். உழைப்பாளர்க்கு எல்லை நாடு அன்று என்னும் தெளிவு அவர்க்குப் படிப்படியாகவே வந்தது.

1888-ல் மிட்-லானர்க் தொகுதியிற் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட்டார். போட்டியினின்று விலகினால் வேறொரு தொகுதியும் ஆண்டுக்கு 300 பவுன் ஊதியமும் தருவதாக லிபரல் கட்சியார் ஆசை காட்டினர். அவர் மறுத்தார், 617 வாக்குகளே பெற்றுத் தோற்றார். எனினும் 1892-ல் லண்டனைச் சார்ந்த தென் வெஸ்ட்ஹாம் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். பட்டுத் தொப்பியும் கரிய நீளங்கியும் அணிந்த பெருமக்கள் நடுவே, அவர் துணித் தொப்பியும் முரட்டுக் கம்பளி உடையும் அணிந்து புகுந்தார். வேலையற்றோர் துன்பத்தையே இடைவிடாது எடுத்துரைத்தமையால், வேலையற்றோரின் பிரதிநிதி என்னும் பெயரும் பெற்றார். 1893-ல் பிராட்போர்டு நகரிற் சுதந்திரத் தொழிற் கட்சி அவர் தலைமையில் உருப்பெற்றது.

1894-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி வேல்ஸ் நாட்டு ஆல்பியன் சுரங்கத்தில் வெடி நேர்ந்து 290 பேர் மாண்டனர். அதே நாளில் அரச குடும்பத்தில் ஓர் ஆண் மகவு பிறந்தது; பிற்காலத்து எட்டாம் எட்வர்டு மன்னரே அம்மகவு. பாராளுமன்றம் அரச குடும்பத்துக்கு வாழ்த்துக் கூற முற்பட்டபோது, மாண்டோர் குடும்பங்கட்கு இரங்கலும் கூறுமாறு ஹார்டி வேண்டினார். மறுக்கப்பட்டது. அவர் தனியொருவராக எழுந்து வாழ்த்துத் தீர்மானத்தை எதிர்த்தார். அவையோர் கூச்சலிட்டனர்; பத்திரிகைகள் ஏசின. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார்.

1899-ல் ஓவர்டௌன் பிரபுவைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூல்கள் ஸ்காத்லாந்தை உலுக்கின. அப்பிரபு சமயப் பணிகட்கும் வெளிநாட்டு மிஷன்கட்கும் பொருளை வாரி வழங்கியவர். ஞாயிற்றுக்கிழமை ஓய்வைக் காக்க முன்னின்றவர். அவர்தம் இரசாயனத் தொழிற்சாலையிலோ தொழிலாளர் நாளொன்றுக்கு 12 மணி நேரம், ஞாயிறும் விடாது, மணிக்கு 3 அல்லது 4 பென்ஸ் கூலிக்கு, மூக்கின் உட்சுவரை அரிக்கும் குரோமியத் தூசியிடையே உழைத்தனர். அறஞ்செய்தற்குரிய பொருள் எவ்வாறு ஈட்டப்பட்டது என்னும் வினாவையே ஹார்டி எழுப்பினார். திருச்சபைகள் பல வாளாவிருந்தன. எனினும் தொழிற்சாலையிற் சில சீர்திருத்தங்கள் நிகழ்ந்தன. மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் இப்பகுதியை விரைந்து கடந்து செல்லுதல் தகாது.

அவ்வாண்டிலேயே போயர் யுத்தம் மூண்டது. டிரான்ஸ்வால் நாட்டுப் பொற்சுரங்கங்களின் மேற் கண் வைத்த செல்வர்க்காக ஏழைகள் மடிகின்றனர் என அவர் யாண்டும் முழங்கினார். உள்நாட்டிற் கூலியைக் குறைக்கும் கையும் வெளிநாட்டிற் போரைத் தூண்டும் கையும் ஒன்றே என்பது அவர் கொள்கை. போர் வெறி நிலவிய 1900-ம் ஆண்டிலேயே வேல்ஸ் நாட்டு மெர்தர் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. 1906-ல் தொழிலாளர் பிரதிநிதிகள் 29 பேர் வெற்றி பெற்றனர். அவர்கள் தொழிற் கட்சி எனப் பெயர் பூண்டு ஹார்டியைத் தலைவராகக் கொண்டனர். ருஷ்ய மக்கள்மேற் கொடுமை புரிந்த ஜார் மன்னரை எட்வர்டு மன்னர் 1908-ற் காணச் சென்றதைக் கண்டித்தமைக்காக, அரண்மனை விருந்துக்கு அழைக்கப்படுவோர் பட்டியினின்று அவர் பெயர் நீக்கப்பட்டது.

1907-ல் அவர் இந்தியா வந்தார். பிரிவினையால் துயருற்ற வங்காளத்திற் சுற்றி, உழவரின் வறுமையையும் வரிச்சுமையையும் நேரிற் கண்டார். கானடாவைப் போல இந்தியாவும் தன்னாட்சி பெறல் வேண்டும் என அவர் கூறியதாகச் செய்தி பரவ, லண்டன் பத்திரிகைகள் அவரை இராஜத் துரோகி எனத் தூற்றின. அவர் அஞ்சாது, கண்டவற்றை 1909-ல் நூலாக வெளியிட்டார்.

1910-ற் கோபன்ஹேகன் நகரிற் கூடிய சோஷலிஸ்டு மாநாட்டில், போர் மூளுமாயின் எல்லா நாட்டுத் தொழிலாளரும் ஒருங்கே வேலைநிறுத்தம் செய்தல் வேண்டும் என்னும் யோசனையைப் பிரெஞ்சுத் தலைவர் வையாங் என்பாருடன் கொணர்ந்தார். 1914-ற் போர் மூண்டபோதோ தொழிலாளர் தத்தம் நாட்டுக் கொடியின்கீழ் அணிவகுத்தனர். ஆகஸ்டு 6-ந் தேதி தம் தொகுதியைச் சார்ந்த அபர்டேர் நகரில் அவர் பேச எழுந்தபொழுது, எம்மக்களுக்காக வாழ்ந்தாரோ அம்மக்களே கூச்சலிட்டு அவரைப் பேசவொட்டாது தடுத்தனர். அவ்வடு ஆறவேயில்லை. உடல் தளர்ந்து 1915-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி கிளாஸ்கோவில் உயிர் நீத்தார். அவர்தம் தொகுதியை அடுத்துக் கைப்பற்றியவர் போரை ஆதரித்த மற்றொரு சுரங்கத் தொழிலாளர் தலைவரே.

ஹார்டி தோற்றாரா, வென்றாரா? போரைத் தடுக்க முயன்றார், முடியவில்லை. ஆயினும் அவர் நட்ட கட்சி 1924-ல் முதன்முறை ஆட்சி புரிந்தது. 1947-ல் இந்தியா விடுதலை பெற்றபோது லண்டனில் ஆட்சி செலுத்தியதும் அக்கட்சியே. அவ்விடுதலை நாள் ஹார்டி பிறந்த ஆகஸ்டு 15 ஆக அமைந்தது தற்செயலே எனினும், நம் நெஞ்சுக்கு இனிது. தொழுகையிடத்துப் பக்தியும் தொழிலிடத்து நீதியும் இருவேறல்ல என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். கல்லூரியை விட்டு நாளை நம்முட் சிலர் வேலை கொடுப்போராகவும் பலர் வேலை செய்வோராகவும் ஆவோம். வாயிலில் மழையில் நனைந்து நிற்கும் சிறுவன் ஒருவன் அன்றும் இருப்பான். நம் வழிபாடு முடியுமளவும் அவனை நிறுத்தி வைப்போமோ, உள்ளே அழைத்து அவன் பிந்தி வந்த காரணத்தை முதலிற் கேட்போமோ என்பதே ஹார்டியின் வாழ்வு நம்மை நோக்கி எழுப்பும் வினா.