தாலிமெரன் ஆவோ

தாலிமெரன் ஆவோ (ஜனவரி 28, 1918 – செப்டம்பர் 13, 1998) இந்தியக் காற்பந்தாட்ட வீரரும் மருத்துவரும் ஆவார். விடுதலை பெற்ற இந்தியா ஒலிம்பிக் போட்டிக்கு அனுப்பிய முதல் காற்பந்தாட்ட அணிக்கு 1948ஆம் ஆண்டு இலண்டனில் தலைமை தாங்கியவர் இவரே. கொல்கத்தாவின் மோகன் பகான் கழகத்திற்காக ஒன்பது ஆண்டுகள் ஆடினார். இங்கிலாந்தின் ஆர்சனல் கழகம் ஓராண்டு ஒப்பந்தத்தில் தொழில்முறை வீரராக ஆட அழைத்தபோது, மருத்துவப் படிப்பை முடிப்பதற்காக அவ்வழைப்பை ஏற்க மறுத்தவர் என்பதனாலும் இவர் பெயர் நினைவுகூரப்படுகிறது. விளையாட்டு நூல்களில் டி. ஆவோ என்ற சுருக்கப் பெயரிலேயே பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறார். ஆவோ என்பது நாகர்களுள் ஒரு பிரிவினரின் பெயர். அவருடைய இயற்பெயர் தாலிமெரன் என்பதே.

இளமை

அன்றைய அசாம் மாகாணத்தின் நாகா மலை மாவட்டத்தில், சாங்கி என்னும் சிற்றூரில் தாலிமெரன் பிறந்தார். அவ்வூர் இப்போது நாகாலாந்து மாநிலத்தின் மொகொக்சுங் மாவட்டத்தில் உள்ளது. தந்தை சுபோங்வதி நிங்தாரி கிறித்தவ மத குரு. பன்னிரண்டு பிள்ளைகளுள் தாலிமெரன் நான்காமவர். அமெரிக்க பாப்டிஸ்ட் திருச்சபையினர் 1894இல் இம்பூரில் அமைத்த பணித்தளத்திற்குக் குடும்பம் குடிபெயர்ந்ததால், அங்கிருந்த திருச்சபைப் பள்ளியில் அவருடைய கல்வி தொடங்கியது. பந்தாட்டமும் அங்கேயே தொடங்கியது. கடைப் பந்து கிடைக்காத அவ்விடத்தில் சிறுவர்கள் கந்தல் துணிகளைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி ஆடினர்.

மேற்படிப்பிற்காக அசாம் சமவெளியிலுள்ள ஜோர்காட்டிற்குச் சென்றார். 1935இல் தந்தை குடற்காய்ச்சலால் இறந்தார். மகன் மருத்துவம் படித்து நாக மக்களுக்குப் பணி செய்யவேண்டும் என்பது அவருடைய விருப்பமாக இருந்தது. நாகா மலைகளில் மருத்துவம் என்பது பெரும்பாலும் திருச்சபையினரையும் அரசின் சில சிற்றூர் மருந்தகங்களையும் நம்பியிருந்த காலம் அது. அவ்விருப்பத்தைத் தாம் நிறைவேற்றவேண்டிய கடனாகவே தாலிமெரன் கருதினார். பின்னாளில் அவர் எடுத்த முடிவுகளை இந்நிகழ்ச்சியை விலக்கிவிட்டுப் புரிந்துகொள்ள இயலாது.

குவகாத்தியிலுள்ள காட்டன் கல்லூரியில் அறிவியல் பயின்றபோது காற்பந்தோடு ஓட்டம், தாண்டுதல் ஆகியவற்றிலும் சிறந்து விளங்கினார். அங்கு அவருக்கு நண்பரானவர் சரத் தாஸ். இருவரும் குவகாத்தியின் மகாராணா கழகத்தில் ஆடினர். முன்கள வீரராக இருந்த தாலிமெரன் பின்னுக்கு வந்து தற்காப்பு நடுக்கள வீரராக மாறியது இக்கழகத்தில்தான். அவருக்குப் புகழ் தேடித் தந்ததும் இந்த இடமே.

கொல்கத்தாவில்

1942இல் கொல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது (1948இல் இக்கல்லூரிக்கு ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் மாற்றப்பட்டது). அடுத்த ஆண்டே மோகன் பகான் கழகத்தில் சேர்ந்தார். 1911இல் கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவு அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்ற நாளிலிருந்து, இக்கழகத்தில் ஆடுவது வங்காளத்தில் பெரும் மதிப்பிற்குரியதாக இருந்தது. நண்பர் சரத் தாசும் அதே கழகத்தில் ஆடினார்.

அவர் படித்தும் ஆடியும் வந்த கொல்கத்தா அமைதியான நகரம் அன்று. 1942இன் இறுதியில் சப்பானிய வானூர்திகள் அங்குக் குண்டு வீசின. 1943இல் வங்காளப் பஞ்சம் வந்தது. 1946 ஆகத்து மாதக் கலவரத்தால் அவ்வாண்டு ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டியே நடைபெறவில்லை. இவற்றுக்கிடையே மோகன் பகான் 1943, 1944ஆம் ஆண்டுகளில் கொல்கத்தா கூட்டிணைவுப் போட்டியையும், 1947இல் கேடயத்தையும் வென்றது. 1952 வரை தாலிமெரன் இக்கழகத்தில் ஆடினார். அதன் தலைவராகவும் இருந்தார்.

இந்தியாவில் அன்று காற்பந்தாட்டம் ஒரு தொழிலாக இருக்கவில்லை என்பதை இங்குக் கருதவேண்டும். வீரர்கள் ஏதேனும் ஒரு வேலையில் இருந்துகொண்டோ படித்துக்கொண்டோதான் ஆடினர். ஆகவே மருத்துவ மாணவர் ஒருவர் மாலையில் பெருங்கூட்டத்தின் முன் பந்தாடுவதும், காலையில் வகுப்பில் அமர்வதும் எவருக்கும் முரணாகத் தோன்றவில்லை. ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நெருக்கடி அவருக்கு இந்தியாவில் வரவில்லை, இலண்டனில்தான் வந்தது.

1948 ஒலிம்பிக்

சூலை 29, 1948 அன்று வெம்பிளி அரங்கில் நடைபெற்ற தொடக்க விழாவில் இந்தியக் குழுவினருக்கு முன்னே தேசியக் கொடியை ஏந்திச் சென்றவர் தாலிமெரன். நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறைவதற்குச் சில நாட்கள் இருந்தன. காற்பந்து அணியின் துணைத் தலைவராக சைலன் மன்னா இருந்தார்; பலாய்தாஸ் சட்டர்ஜி பயிற்றுநர்.

இரு நாட்கள் கழித்து, சூலை 31 அன்று இலண்டனை அடுத்த இல்போர்டு மைதானத்தில் இந்தியா பிரான்சை எதிர்கொண்டது. இந்திய வீரர்களுள் பெரும்பாலோர் காலணியின்றி, சிலர் பாதங்களில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு ஆடினர். முதற்பாதியில் பிரான்சு ஒரு கோல் அடித்தது. 70ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அடித்த கோலால் ஆட்டம் சமநிலை அடைந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் இதுவே. பெனால்டி எனப்படும் தண்ட உதை வாய்ப்பு இந்தியாவுக்கு இருமுறை கிடைத்தும் இரண்டும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மேலும் ஒரு கோல் அடித்து 2-1 என வென்றது. ஓர் ஆட்டத்தோடு இந்தியாவின் போட்டி முடிந்தது. ஆயினும் நடுக்களத்தில் தாலிமெரன் ஆடிய ஆட்டம் ஆங்கிலேயப் பார்வையாளர்களின் கவனத்தைப் பெற்றது.

வெறுங்காலுடன் ஆடுவதேன் என்று செய்தியாளர் கேட்டதற்கு, தாங்கள் ஆடுவது கால்பந்து என்றும் ஆங்கிலேயர் ஆடுவது காலணிப்பந்து என்றும் பொருள்படத் தாலிமெரன் சொற்சிலேடையாக விடையளித்ததாகச் சொல்லப்படுகிறது. இவ்விடை புகழ்பெற்றுவிட்டபோதிலும், வெறுங்கால் ஆட்டத்தின் குறைகள் விரைவில் வெளிப்பட்டன. 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோசுலாவியாவிடம் 10-1 எனத் தோற்றபின் காலணி கட்டாயமாக்கப்பட்டது.

ஆர்சனலின் அழைப்பு

ஆர்சனல் 1947–48 பருவத்தில் இங்கிலாந்தின் முதற்பிரிவு வாகையர் பட்டத்தை வென்ற கழகம். அந்தக் கழகத்திலிருந்துதான் ஓராண்டு ஒப்பந்தத்திற்கான அழைப்பு வந்தது. அப்போது தாலிமெரனுக்கு வயது 30. மருத்துவப் படிப்பு இன்னும் முடியவில்லை. அவர் மறுத்துவிட்டு நாடு திரும்பினார்.

இம்முடிவை இன்றைய அளவுகோலால் மட்டும் எடைபோடுவது சரியாகாது. இன்று ஐரோப்பியக் கழகங்களில் ஆடுவோர் பெறும் பெருந்தொகையை எண்ணி, அவர் பெருஞ்செல்வத்தை உதறினார் என்று எழுதுவோர் உள்ளனர். உண்மையில் இங்கிலாந்தில் அக்காலத்தில் வீரர்களின் ஊதியத்திற்கு உச்சவரம்பு இருந்தது. 1947இல் அவ்வரம்பு ஆட்டப் பருவத்தில் வாரத்திற்கு 12 பவுண்டு மட்டுமே. எத்துணைப் புகழ்பெற்ற வீரரும் அதற்கு மேல் பெற இயலாது. இவ்விதி 1961 வரை நீடித்தது. ஒப்பந்தம் ஓராண்டுக்கானது, நடுக்கள வீரர் ஒருவருக்கு 30 வயதில் எஞ்சியிருக்கும் ஆண்டுகளோ சில. மறுபுறம், பாதியில் விட்ட மருத்துவப் படிப்பைத் திரும்பி வந்து தொடர்வது எளிதன்று.

எனினும் பணக்கணக்கு மட்டுமே அவரைத் தடுத்தது எனக் கொள்வதும் பொருந்தாது. ஓர் இந்தியர் ஐரோப்பிய மண்ணில் தொழில்முறை வீரராக நிலைபெறும் வாய்ப்பு மிக அரியது. 1936இல் கொல்கத்தாவின் முகம்மது சலீம் இசுகாட்லாந்தின் செல்டிக் கழகத்தில் வெறுங்காலுடன் இரு ஆட்டங்கள் ஆடி வியப்பூட்டியபின், ஊர் நினைவு தாளாமல் திரும்பிவிட்டார். தாலிமெரன் ஒப்புக்கொண்டிருந்தால் இந்தியக் காற்பந்தின் வரலாற்றில் ஒரு புதிய வழி திறந்திருக்கக்கூடும்; அந்த இழப்பு உண்மையானதே. மருத்துவமும் காற்பந்தும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது ஆர்சனலுக்குப் புதிதன்று. அயர்லாந்தைச் சேர்ந்த கெவின் ஓ பிளானகன் என்னும் மருத்துவர், உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் ஊதியம் பெறாத வீரராக அக்கழகத்தில் ஆடியுள்ளார். ஆனால் அவர் பட்டம் பெற்றபின் இலண்டன் வந்தவர். தாலிமெரனுக்கோ பட்டமும் அதற்காகக் காத்திருந்த கடமையும் கொல்கத்தாவுக்கு அப்பால், கீழ்த்திசை மலைகளில் இருந்தன.

மருத்துவப் பணி

1950இல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். அதே ஆண்டு பிரேசிலில் நடைபெற்ற உலகக்கோப்பைக்குத் தகுதி கிடைத்தும் இந்தியா அணியை அனுப்பவில்லை. திப்ருகரில் சிறிது காலம் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பணியாற்றிய பின்னர், 1953இல் கோகிமா அரசு மருத்துவமனையில் உதவி மருத்துவ அலுவலராகப் பொறுப்பேற்றார். 1944இல் சப்பானியப் படைக்கும் பிரித்தானியப் படைக்கும் இடையே நடந்த பெரும் போரில் அழிவுற்ற நகரம் கோகிமா. அவர் பணியேற்ற சில ஆண்டுகளிலேயே நாகா மலைகளில் ஆயுதப் போராட்டமும் மூண்டது. இத்தகைய சூழலில் பணிபுரிந்த தாலிமெரன், டிசம்பர் 1, 1963 அன்று நாகாலாந்து தனி மாநிலமான பின் அதன் சுகாதாரப் பணிகள் இயக்குநர் பொறுப்புக்கு உயர்ந்து, 1978இல் ஓய்வு பெற்றார். தந்தை விரும்பியபடி, நாக மக்களிடையே ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் மருத்துவப் பணி செய்தார்.

மறைவும் நினைவும்

நெடுநாள் நோயுற்றிருந்த தாலிமெரன் செப்டம்பர் 13, 1998 அன்று தமது 80ஆவது வயதில் காலமானார். அவருடைய உடல் திமாப்பூரிலுள்ள நாகர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

வாழ்நாளில் அவருக்கு நாட்டளவில் பெரிய சிறப்புகள் எவையும் செய்யப்படவில்லை. மறைவுக்குப் பின், 2002இல் மோகன் பகான் கழகம் தனது உயரிய விருதான மோகன் பகான் ரத்னாவை அவருக்கு வழங்கியது. வடகிழக்கு மாநிலங்களுக்கிடையே அவர் பெயரிலான காற்பந்துக் கோப்பைப் போட்டி 2009இல் தொடங்கப்பட்டது. அவர் பயின்ற காட்டன் கல்லூரியின் உள்விளையாட்டரங்கும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. பிறந்த நூற்றாண்டை ஒட்டி இந்திய அஞ்சல்துறை 2018இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.